முறைத் தண்ணீர்

சுடுதண்ணீர் டேங்கியைப் பூட்டிய பாஸ், குழாய் வேலைக்காரர், ஹட்டனில் இருந்து வந்தவர். அடுப்புக்குள் இரும்புக் குழாயை வளைத்துவிட்டு, சுவரில் டேங்கியை ஏற்றி, பின் அறைச் சுவரோரமாகவும் ஒரு குழாயை ஓட்டினார். விறகு எரிந்தால் குளிக்கச் சுடுதண்ணீர், அறைக்கும் வெதுவெதுப்பு. மருமகள் சுதர்ஷினிக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. பொகவந்தலாவைக் குளிரில் பச்சை உடம்பு என்ன பாடுபடும், சொல்லுங்கள். அதற்காகத்தான் என் மகன் ஜீவராஜ் இதைச் செய்வித்தான்.

பாஸ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், தண்ணீர் எந்நேரமும் வருமா என்று. வரும் என்றான் ஜீவராஜ். அவன் பொய் சொல்லவில்லை. மலை ஊற்றுத் தண்ணீரை, தோட்டத்து வரிசை வீடுகளான மேல் லயமும் எங்கள் லயமும் முறை வைத்து, ஹோஸை மாற்றி மாற்றிச் செருகிக்கொள்வோம். பிறந்ததில் இருந்து அப்படித்தான் என்பதால், அதைத் தண்ணீர் நிற்பதாக எங்களில் யாரும் நினைப்பதில்லை.

அன்று மத்தியானம் மேல் லயத்து முறை. பிள்ளைத் துணி அலசியதில் டேங்கி காலியாகிவிட்டது. அறை குளிரக் கூடாதென்று அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. ஏதோ தீய்ந்த வாடை வர, ஜீவராஜ் குனிந்து பார்த்தான். குழாய் நெருப்புத் துண்டாகச் சிவந்திருந்தது. ஃபெக்டரியில் பொய்லர் பக்கம் வேலை செய்தவன் அவன். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, இப்ப இதுக்குள்ள பச்சத் தண்ணி வந்துறக் கூடாது. வந்தா வெடிச்சிரும்."

தண்ணீரை அடைக்கும் வால்வு டேங்கியை ஒட்டினாற்போல் இருந்தது. தொட்டவனின் உள்ளங்கை பொசுங்கியதுதான் மிச்சம். சுவருக்கு அந்தப் பக்கம் தாயும் பிள்ளையும். அவர்கள் வெளியே வர இந்த அடுப்படியைத் தவிர வேறு வழியில்லை.

நான் வெளியே ஓடினேன். மேட்டில், ஹோஸ் செருகும் இடத்தில் சிசிலி நின்றாள். மேல் லயத்துக்காரி. போன வாரம் தங்கள் முறை முடிந்த பிறகும் மாட்டுக்கென்று தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டாள். பிள்ளை பெற்றவளுக்குக்கூடத் தராதவள் என்று, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து பேச்சில்லை. இப்போது பார்த்தால், முறை வரும் முன்பே எங்கள் ஹோஸைக் கையில் எடுத்திருக்கிறாள்.

"சிசிலி, தண்ணி விடாத. எங்களுக்கு வேணாம்."

லயத்தில் தண்ணீர் வேண்டாம் என்று யார் சொல்லியிருக்கிறார்கள்? ரோஷத்தில் சொல்கிறேன் என்றே நினைத்தாள்.

"நீங்க வேணாம்னா என்னக்கா, புள்ள பெத்தவ குளிக்கட்டும். நாளைக்கு அதுக்கும் ஒரு பேச்சு கேக்க என்னால ஏலாது."

வெடிக்கும் என்று நான் கத்தியது அவள் காதில் ஏறவில்லை. செருகிவிட்டாள்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே கிடந்த ஹோஸ் காற்றைத் தள்ளிக்கொண்டு புடைத்து வந்தது. ஜீவராஜ் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு என்னைத் தாண்டி ஓடினான். முந்துவது தண்ணீரா, அவனா என்று பார்த்துக்கொண்டு நின்றேன், கால் நகரவில்லை. வாசலுக்குக் கொஞ்சம் மேலே குனிந்து ஒரே வெட்டு. தண்ணீர் அவன் நெஞ்சில் பீறிட்டு அடித்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குக் காலே வந்தது. அடுப்பு விறகை வாசலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, சுதர்ஷினியைப் பிள்ளையோடு வெளியே கூட்டி வந்தேன்.

தான் செருகிக் கொடுத்த ஹோஸை வெட்டியதற்குச் சண்டை பிடிக்கத்தான் சிசிலி இறங்கி வந்தாள். ஜீவராஜின் கையைப் பார்த்தாள். உள்ளே எட்டி, இன்னும் சிவப்பு ஆறாத குழாயைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையைக் கொண்டா என்று கையை மட்டும் நீட்டினாள். கொடுத்தேன்.

பொழுது சாய, தன் அடுப்பில் காய்ச்சிய தண்ணீரைத் தகர வாளியில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"இதயும் வேணாம்னு சொல்லிறாதீங்கக்கா."

வாளியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.