பூசைக்கு வைத்த சக்கரம்

ஜம்புலிங்கம் சக்கரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவிலிருந்த அவருடைய சைக்கிள் கடையில் காலையிலிருந்து வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. பஞ்சர் என்று வந்தவரைக்கூட "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அலுமினிய ரிம்மை மடியில் சாய்த்து, கம்பி முனைகளை இறுக்கியிருந்த நிப்பிளைக் கழற்றிக் கழற்றிப் பக்கத்திலிருந்த பிஸ்கட் டின்னில் போட்டார். டின்னில் விழும் ஒவ்வொரு சத்தமும் கடைக்குப் பின்கட்டில் பிரண்டை நறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி சௌந்தரத்துக்குக் கேட்டது. நல்லெண்ணெய் தடவாமல் நறுக்கியதில் கையெல்லாம் அரித்தது. எண்ணெய்க் கிண்ணம் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை.

"இன்னாங்க, சாப்ட்டுட்டுப் பிரிக்கக் கூடாதா?"

"சாயங்காலம் ஐடாம்மா வருது. ரிம்மக் குடுத்துடணும்."

"அவங்க திருப்பிக் கேக்கலியே."

"கேக்கல. நானாத்தான் குடுக்கறேன். இந்தக் கையால ரேஸ் சக்கரம் கட்டுனது போதும்."

அதற்கு மேல் அவர் பேசமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். திட்டுகிற மனிதராக இருந்தாலாவது பரவாயில்லை. ரேஸில் டயர் கழன்று வேலு விழுந்த நாளிலிருந்து அவர் யாரையும் திட்டவில்லை. எதிரே டீக்கடை கோவிந்தன், "ஜம்பு சொலூஷன்ல சோத்துக் கஞ்சி கலந்துட்டாருபா, அதான் டயரு சோறு தேடிப் போயிடுச்சு" என்று நாலு பேர் கேட்கச் சொன்னபோதுகூட, அவர் அந்தச் சிரிப்பு முடியும்வரை நின்று டீயைக் குடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

அந்த ரிம்கள் ஆங்கிலோ இந்தியக்காரியான ஐடாவின் தம்பி வின்னியுடையவை. வின்னி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியபோது, சைக்கிளை விற்றுவிட்டு, ரேஸுக்கென்று வரவழைத்திருந்த ரிம்களையும் டயர்களையும் சொலூஷன் டப்பாவையும் அக்காள் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். சாதாரண டயர் மாதிரி அல்ல இவை. டியூபை உள்ளே வைத்துச் சுற்றிலும் தைத்தவை. ரிம்மைக் கவ்விப் பிடிக்க விளிம்பு கிடையாது. ரிம்மின் பள்ளத்தில் தடவுகிற சொலூஷன் பசைதான் அதைப் பிடித்து வைக்க வேண்டும். இரும்புச் சக்கரத்தில் பாதிகூட எடை இல்லை. முதல் முறை கையில் வாங்கியபோது ஜம்புலிங்கம், "இன்னாடா இது, அப்பளம் மாதிரி இருக்குது" என்று சிரித்தார்.

அவற்றை ஐடாவிடம் கேட்டு வாங்கி வந்தவன் வேலு. சுரங்கத் தொழிலாளர் குடியிருக்கும் கோரமண்டல் லைனில் இருப்பவன். அவன் அப்பா தங்கச் சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்துப்போனார். அந்த இடத்துக்கு வேலுவை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷமாகக் கீழே டிராலி தள்ளுகிறான். தசராவை ஒட்டி நடக்கிற சைக்கிள் ரேஸைப் பார்க்க பெங்களூரிலிருந்து ஒரு பேக்டரியின் ஆள் வருவதாகவும், ஜெயித்தவனைத் தங்கள் டீமுக்கு எடுத்து வேலையும் கொடுப்பதாகவும் பேச்சு வந்தது. "மேல வேல அண்ணி. வெளிச்சத்துல. மெசினாண்ட நின்னுகிட்டு" என்று சௌந்தரத்திடம் சொன்னபோது அவன் வெளிச்சம் என்பதை ஏதோ தின்கிற பண்டம் மாதிரிச் சொன்னான்.

சக்கரம் கட்டுவதற்கு முன் கடையில் பெரிய வழக்கே நடந்தது. வின்னி இரண்டு ஜோடி விட்டுப்போயிருந்தான். ஒன்று மெல்லியது, ஒன்று சற்றுக் கனமானது.

"ஜம்பண்ணே, லேசானதே கட்டுங்க. காத்து மாதிரி போவணும்."

"காத்துக்குப் பள்ளம் கெடையாதுடா. பேத்தமங்களா ரோட்ல உனுக்கு இருக்குது. மாட்டு வண்டி போயிப் போயி ரோடு பல்லக் காட்டுது."

"அப்ப இரும்புலயே கட்டிக் குடுங்களேன். மெதுவா போயி, ஜெயிச்சவனுக்கு மால போட்டுட்டு வரேன்."

கடைசியில் எடை அதிகம் விழுகிற பின் சக்கரத்துக்குக் கனமானதும், முன் சக்கரத்துக்கு மெல்லியதும் என்று முடிவானது. பழைய ஹப்புகளின் துளைக்கணக்கு ரிம்மின் கணக்கோடு ஒத்துப்போனதில் ஜம்புலிங்கத்துக்குக் கல்யாணப் பொருத்தம் பார்த்த சந்தோஷம். கம்பிகளைக் கோத்து, கோட்டம் எடுத்து, விரலால் ஒவ்வொரு கம்பியையும் சுண்டிக் கேட்டு, மறுபடி கோட்டம் எடுத்தார். உப்புத்தாள் போட்டுப் பள்ளத்தைத் தேய்த்து, பெட்ரோலில் துடைத்து, ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "யாரும் இத்த தொடாதீங்க. நாளைக்கு ஆயுத பூசை, வேல செய்யக் கூடாது. அடுத்த நாள் டயர் ஒட்டறேன்."

யாரும் என்றால் கடைக்கு வருகிறவர்கள் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். அப்படித்தான் எடுத்துக்கொண்டதாக இப்போது நினைக்கிறாள்.

ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூசைக்குக் கடையின் இரும்பெல்லாம் அவள் கைக்கு வரும். ஸ்பேனர், சுத்தியல், டயர் லீவர், பம்பு என்று எல்லாவற்றையும் கழுவி, நல்லெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பது அவள் வேலை. இந்த வருஷம் பூசைக்கு முந்தின நாள் எல்லாம் முடித்துத் திரும்பிப் பார்த்தால், ஆணியில் அந்த இரண்டு சக்கரங்கள் மட்டும் மூளியாகத் தொங்கின. பிள்ளையின் பிழைப்பே இதில்தான் இருக்கிறது, இதற்குப் பூசை இல்லாமலா என்று தோன்றியது. முன் சக்கரத்தை இறக்கி, எண்ணெய்த் துணியால் கம்பி, ஹப், ரிம்மின் வெளிப்புறம் என்று துடைத்தாள். பள்ளத்துக்குள்ளும் விரலைச் சுற்றிவிட்டாள், குழந்தைக்குக் காது மடல் துடைக்கிற மாதிரி. பின் சக்கரத்தை இறக்கப் போகும்போது வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. உடனே கையை எடுத்துவிட்டாள். முன் சக்கரத்தை மட்டும் புடவைத் தலைப்பால் அவசரமாக ஒரு முறை துடைத்து மாட்டினாள்.

ஏன் கையை எடுத்தாள்? தெரியாமல் செய்தவள் சத்தம் கேட்டதும் ஏன் கையை எடுக்க வேண்டும்?

அதுகூடப் போகட்டும். விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி முடித்து, அவர் சொலூஷன் டப்பாவைத் திறந்தபோது அவள் காபியோடு எதிரில்தான் நின்றாள். வேலு குந்தி உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடையில் இன்னும் இரண்டு மூன்று பேர். அவர் முன் சக்கரத்தை வெளிச்சத்தில் பிடித்து, "வின்னி எப்படி வச்சிருக்கான் பாரு, இன்னா பளபளப்பு" என்றார். அவளுக்கு வாய் வரை வந்தது. இத்தனை பேர் எதிரில், தொடாதே என்றதைத் தொட்டேன் என்று சொல்வதா? கொஞ்சம் எண்ணெய்தானே, துடைத்துவிட்டேனே, சாமிக்கு வைத்ததுதானே. அவர் தடவ ஆரம்பித்துவிட்டார். அவள் காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பேத்தமங்களா ஏரிக்கரை இறக்கத்தில் வேலு முதலாவதாக வந்துகொண்டிருந்தானாம். வளைவில் சாய்ந்தபோது முன் டயர் ரிம்மை விட்டு வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்ததாம். தோள்பட்டை எலும்பு உடைந்தது. பெங்களூர் ஆள் நல்லவர். ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்துவிட்டு, எலும்பு சேர்ந்ததும் தை மாசத்தில் பெங்களூருக்கு வந்து ஓட்டிக் காட்டு என்று சொல்லிப் போனார். கட்டோடு கடைக்கு வந்த வேலு மறுபடி சக்கரம் கட்டித் தரச் சொல்லி ஜம்புலிங்கத்தின் காலில் விழாத குறையாகக் கேட்டான். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "பழைய டப்பா, நான் மோந்து பாத்திருக்கணும். முன்னால லேசான ரிம்ம உட்டது என் தப்பு. வாணாம்டா. இன்னொரு வாட்டி உன்ன என்னால தள்ளிவிட முடியாது."

*

பிரண்டைத் துவையலைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு சௌந்தரம் கோரமண்டலுக்கு நடந்தாள். எலும்புக்கு நல்லது என்று நான்கு நாளைக்கு ஒரு முறை கொண்டுபோகிறாள். ஒவ்வொரு முறையும் வேலுவின் அம்மா மங்கம்மா, "உனுக்கு இன்னா தலையெழுத்து சௌந்தரம்மா, உன் ஊட்டுக்காரரு ஒடச்ச எலும்ப நீ ஒட்டவச்சிகினு கீற" என்பாள். ஒவ்வொரு முறையும் சௌந்தரம் சிரிப்பாள்.

வேலு கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். மங்கம்மா மூங்கில் தட்டிச் சுவர் ஓரம் நிழலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு, இன்று உட்காராமலே சௌந்தரம் சொன்னாள்.

"மங்கம்மா, அவரு கை மேல தப்பில்ல. பூசைக்கி நான் சக்கரத்துக்கு எண்ண போட்டுட்டேன். சொலூஷன் புடிக்காம போனது அதனாலதான்."

மங்கம்மா முறத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "எந்த எண்ண?"

"பூசைக்கி போடற எண்ணதான்."

"சாமிக்கி வச்ச எண்ண எம் புள்ளைய தள்ளிச்சின்றியா?"

"தள்ளிச்சின்னு இல்ல..."

"புருசன் பேர காப்பாத்த சாமி மேலயா பழி போடுற?" இப்போது நிமிர்ந்தாள். "எம் புருசன் கடப்பாறைக்கி வருசா வருசம் நானும் எண்ண போட்டுப் பொட்டு வச்சவதான். நல்லா போட்டேன், சௌந்தரம்மா. வழிய வழிய போட்டேன். அந்த வருசமும் போட்டேன். அப்புறம் ஏழு நாள் கயிச்சி அந்தாள பாறைக்கடியிலேர்ந்து எடுத்தாங்கோ. அதுக்கும் எண்ணதான் காரணமா? சொல்லு."

பக்கத்துக் குழாயில் யாரோ குடம் மாற்றும் சத்தம் கேட்டது.

"சொலூஷன் கெட்டுப்போச்சு, அவ்ளோதான். மனுசன் செய்யறதுல தப்பு வர்றது சகஜம். அத்த நான் ஏத்துக்கறேன். நீ சொல்றத ஏத்துக்க மாட்டேன்." மங்கம்மா மறுபடி முறத்தைப் புடைத்தாள். குரல் இறங்கியிருந்தது. "போயி உன் ஊட்டுக்காரரு கையக் காலப் புடிச்சியாவது அந்த சக்கரத்த கட்டிக் குடுக்கச் சொல்லு. இந்தப் புள்ளயும் கீழ எறங்கினே இருந்தா நான் இன்னா பண்ணுவேன்? ஷிப்ட்டு சங்கு ஊதற வரைக்கும் மூச்சு உட மாட்டேன் நான். தெரியுமா உனுக்கு?"

மன்னிப்புக் கேட்டு வாங்கிவிட்டால், அதைக் கொண்டு வீட்டிலும் சொல்லிவிடலாம் என்று வந்திருந்தாள் சௌந்தரம். இங்கே அழுதுவிட்டால் அங்கே அழ வேண்டியதில்லை என்றுகூட நினைத்திருக்கலாம். திரும்பி நடக்கும்போது சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக் காற்று கண்ணில் மண்ணை வாரிப் போட்டது. துடைத்துக்கொண்டே நடந்தாள். எதிரில் வந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் அழவில்லை.

*

கடை வாசலில் ஐடா நின்றிருந்தாள். பூப்போட்ட கவுன், கையில் குடை.

"இன்னா மேன் ஜம்பு, கோழிய உரிச்ச மாதிரி உரிச்சு வச்சிருக்கே!"

"எடுத்துட்டுப் போயிடுங்கம்மா."

"எங்க வெக்கிறது? பாத்ரூம்ல அது தொங்கின ஆணில நான் டவல் மாட்டிட்டேன். வின்னி லெட்டர்ல இன்னா கேக்கறான் தெரியுமா? 'என் வீல் ஓடுதா?'ன்னு. ஓடுச்சு மேன், ஏரிக்குள்ள ஓடுச்சுன்னு எழுதவா?"

ஜம்புலிங்கம் சிரிக்கவில்லை. பின் சக்கரம் முழுக்கப் பிரிந்து, வெறும் வளையமாகச் சுவரில் சாய்ந்திருந்தது. முன் சக்கரம் கோட்டம் எடுக்கிற கவட்டையில் நின்றது. அதில் பாதிக் கம்பிகள் தளர்ந்திருந்தன. நிப்பிள் சாவி அவர் கையில் இருந்தது.

"இன்னாங்க." சௌந்தரம் வாசற்படி ஏறவில்லை. "அத்த பிரிக்காதீங்க."

"நீ உள்ள போ."

"நாந்தாங்க. பூசைக்கி மொத நாளு முன் சக்கரத்துக்கு எண்ண போட்டேன். பள்ளத்துக்குள்ள போட்டேன். நீங்க தொடாதேன்னீங்க. நான் தொட்டேன். உங்க கை மேல ஒண்ணுமில்ல. சொலூஷன் மேலயும் ஒண்ணுமில்ல."

ஐடா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். கோவிந்தன் கடையில் பாய்லர் சீறியது. ஜம்புலிங்கம் ரிம்மின் பள்ளத்தில் கட்டை விரலை வைத்து மெதுவாக இழுத்தார். மிச்சமிருந்த காய்ந்த சொலூஷன் எங்கும் ஒட்டாமல் தோல் மாதிரி எழும்பி வந்தது. கீழே அலுமினியம் அன்று போலவே பளபளத்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இத்தனை நாளாக இருந்த ஏதோ ஒன்று விலகுவதை அவள் பார்த்தாள். அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்காருவதையும் பார்த்தாள்.

"நான் சொலூஷன் தடவறப்ப நீ எதிர்லதானே நின்னே?"

இத்தனை நாளும் அவள் தனக்குள் சொல்லிப் பார்த்த எந்தப் பேச்சிலும் இந்தக் கேள்வி வரவில்லை. எண்ணெய்க்குத்தான் பதில் தயார் செய்து வைத்திருந்தாள்.

"ஆமா."

"காபி கொண்டாந்தே."

"ஆமாங்க."

"வேலு பக்கத்துல உக்காந்திருந்தான்."

அவளால் மூன்றாவது ஆமாம் சொல்ல முடியவில்லை. ஐடா தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "ஓ மை," என்று தனக்குள் சொன்னது கேட்டது.

"மங்கம்மா கட்டித் தரச் சொல்லுது" என்றாள் சௌந்தரம். "தை மாசத்துக்கு. என்ன இன்னா வேணா சொல்லுங்க. அந்தப் புள்ளைக்குக் கட்டிக் குடுத்துடுங்க."

அவர் சக்கரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டார். தளர்ந்த பக்கமும் இறுகிய பக்கமுமாக அது கவட்டைக்குள் நெளிந்து நெளிந்து சுழன்றது. உரிந்த சொலூஷன் தோல் ரிம்மோடு சேர்ந்து படபடத்தது. நிற்கும்வரை மூவரும் அதையே பார்த்தார்கள். நின்றதும் அவர் குனிந்து, நிப்பிள் சாவியை ஒரு கம்பியின் மேல் பொருத்தினார். அவர் தோள் மறைத்ததில் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று படியடியில் நின்றவளுக்குத் தெரியவில்லை. கம்பி ஒரு முறை கிரீச்சிட்டது. இறுக்கினாலும் தளர்த்தினாலும் முதல் சத்தம் ஒன்றுதான். டின்னில் நிப்பிள் விழுமா, விழாதா என்று அவள் அடுத்த சத்தத்துக்குக் காதைக் கொடுத்து நின்றாள்.