ரயில் ஏற மறுத்தவள்

பிளசன்டனின் பழைய தியேட்டரில் ஒரு சனிக்கிழமை மாலை, நூறு வயதான ஊமைப்படத்தின் கதாநாயகி ரயிலில் ஏற மறுத்தாள். கதைப்படி, வீட்டை விட்டுத் துரத்திய கணவனிடமே அவள் திரும்பிப் போகவேண்டும். திரையிட்ட ஊரிலெல்லாம் பிளாட்பாரத்தில் நின்று அழுதுவிட்டு ஏறித்தான் போயிருக்கிறாள். அன்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மூன்றாம் வரிசையிலிருந்த அமலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கார்டு மறுபடியும் கொடி காட்டினார். ரயில் அவளில்லாமல் போயிற்று.

ஊமைப்படக் காலத்தில் வாத்தியக்காரர்கள் திரையைப் பார்த்து வாசித்தார்கள். திரையிலிருந்தவர்கள் காது கொடுத்ததாகத் தகவல் இல்லை. ஆகவே ஆபரேட்டர் புரொஜெக்டரைச் சந்தேகித்தார். திரையோரம் உட்கார்ந்து படத்துக்குக் கீபோர்டு வாசித்த ஐசக்குக்குத்தான் காரணம் தெரியும். அவன் அமலியின் கணவன். வார நாட்களில் சாஃப்ட்வேர், ஞாயிறுகளில் சர்ச் ஆர்கன். "மியூசிக் முழுக்க நானே கம்போஸ் பண்ணது" என்று மைக்கில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தான். ஆனால் ரயிலடிக் காட்சியின் மெட்டு அமலியுடையது. விசா வேலைக்கு விடாமல் அவளை வீட்டில் வைத்திருந்த வருடங்களில், துணி மடித்தபடி வாய்க்குள் பாடிப் பாடி உண்டாக்கியது.

காரில் மகள் ஜோவானா, "டாட், தட் வாஸ் மாம்ஸ் ட்யூன்" என்றாள். ஐசக் ஃப்ரீவேயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டில் அமலி துணி மடிக்க உட்கார்ந்தால் அவன் எழுந்து கராஜுக்குப் போய்விடுவான். அவளோ இப்போது பாடுவதே இல்லை.

அடுத்த மாதம் பக்கத்து ஊரான டப்ளினில் திரையிட்டபோதும் கதாநாயகி பெட்டியைக் கீழே வைத்தாள். ஐசக் வாசிப்பை நிறுத்திவிட்டு எழுந்தான்.

"இந்த ட்யூன் என் வைஃப் அமலியோடது. நான் பொய் சொல்லிட்டேன்."

யாரும் கைதட்டவில்லை. அவன் அமலியைப் பார்த்தான். "நீ வந்து வாசிக்கிறியா?"

"என் வருத்தம் பேருக்காக இல்லீங்க. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்" என்றாள் அமலி. "இப்ப நீங்களே வாசிங்க. அவ நிக்கிறா பாருங்க."

அத்தனை பேர் பார்க்க அவன் வாசித்தான். கதாநாயகி முழுவதும் கேட்டாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ரயிலைத் திரும்பியும் பாராமல் ஸ்டேஷனின் பக்கவாசல் வழியாக வெளியேறினாள்.

அதன்பின் படம் அப்படியேதான் ஓடுகிறது. போஸ்டரில் அமலியின் பெயர் இருக்கிறது. கடைசி ரீலில் கதாநாயகியின் கணவன் தன் ஊர் ஸ்டேஷனில் கையில் பூங்கொத்தோடு நெடுநேரம் காத்திருக்கிறான். ரயிலிலிருந்து எல்லோரும் இறங்குகிறார்கள், அவள் இல்லை. அந்தக் காட்சிக்கு யாரிடமும் மெட்டு கிடையாது. ஐசக் சொந்தமாக ஒன்றை வாசிக்கிறான். சுமாராகத்தான் இருக்கிறது என்றாள் அமலி.