ஒற்றைச் சீட்டு

புரதங்களின் சாவைப் பற்றி இருபது வருடமாக ஆராய்ந்துவரும் அந்தப் பேராசிரியர், தன் சகலை சாகவேண்டும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. அவ்வளவு கெட்டவர் அல்ல. அவன் பேருக்கு மட்டும் ஏதாவது ஆனால் போதும் என்பதே அவருடைய அடக்கமான ஆசை.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் குப்பை வாத்தியார். செல்லுக்குள் வேலை முடிந்த புரதத்தின்மேல் யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதம் சீட்டுப்போல ஒட்டப்படும். சீட்டு விழுந்ததைப் புரோட்டியசோம் என்கிற அரவை இயந்திரம் தூள் தூளாக்கிவிடும். சீட்டை ஒட்டும் என்சைம் இவருடைய ராஜ்யம். மனைவியின் தங்கை புருஷனோ அதே கட்டடத்தில், ஒட்டிய சீட்டைக் கிழிக்கும் என்சைமைப் பிடித்துக்கொண்டான். "வெளியில சீட்டுக் கிழிஞ்சா வேலை போயிடும், செல்லுல சீட்டுக் கிழிஞ்சா உயிர் பிழைச்சிடும்" என்று மேடை மேடையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினான். அந்த நகைச்சுவை முதலில் தனக்குத்தான் தோன்றியது என்று வாத்தியார் மனைவியிடம் சொல்லாத வாரமில்லை.

வயிற்றெரிச்சலுக்கு வேறு காரணங்களும் இருந்தன. முறைப்படி இவர்தான் பெரிய மாப்பிள்ளை. ஆனால் இவர் தலையைக் கண்டதும் மாமியார் கேட்பது, "சின்ன மாப்பிள்ளை வரலையா?" இவருடைய ஆய்வகத்தில் உறைபெட்டியின் கதவை நாற்காலி முட்டுக்கொடுத்து மூடவேண்டும். அவனுடையதோ கதவு கொஞ்சம் திறந்திருந்தாலே கீ கீ என்று ஊரைக் கூட்டும். அந்தச் சத்தம் மாடிப்படி வழியாக இறங்கி வரும்போதெல்லாம், தன்னைப் பேர் சொல்லிக் கேலி செய்வதாகவே இவருக்குப் பட்டது.

இந்த லட்சணத்தில்தான் மேல்மாடியில் புது ஆராய்ச்சி மையம் திறப்பதென்று முடிவாயிற்று. தலைமைப் பதவிக்குப் போட்டி இரண்டு சகலைகளுக்கும்தான். இயக்குநர் அம்மா ஒருநாள் இவரைத் தனியாகக் கூப்பிட்டனுப்பினார்.

எதற்கென்று இவருக்குத் தெரியும். காலையில் முகம் மழிக்கும்போதே நாலு குறைகளைத் தயார் செய்திருந்தார். ஓரிடத்தில் உட்காரமாட்டான், அடுத்தவன் யோசனையைத் தன்னுடையதென்பான், மாணவர்களுக்கு ரொம்ப இடம் கொடுப்பான், சொன்ன தேதிக்குக் கட்டுரை தரமாட்டான். ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்த அழகான சங்கிலி. ஆனால் அறை வாசலில் ஒரு ஞானோதயம் வந்தது. நாலையும் சொன்னால் பொறாமை என்பார்கள். ஒன்றை மட்டும் சொன்னால் அக்கறை என்பார்கள்.

"தங்கமான பையன் மேடம்" என்று பெருமூச்சு விட்டார். "ஒரே குறை, ஒரு இடத்துல உக்கார மாட்டான். யாரையாவது பாக்கணும் பேசணும்னு ஓடிக்கிட்டே இருப்பான். லேபுல பிடிச்சு வைக்கவே முடியாது."

இயக்குநர் தலையசைத்தார். வாத்தியாரின் காதில் அரவை இயந்திரம் சுற்றத் தொடங்கியது. அன்று மாலை மனைவியிடம், தங்கைக்கு அடிக்கடி போன் பண்ணு, பாவம், ரெண்டு பேரும் மனசு உடைந்துபோய்விடப் போகிறார்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவைத்தார்.

அடுத்த வாரம் அறிவிப்பு வந்தது. தலைவர், சின்ன மாப்பிள்ளை.

இயக்குநர் இவரைக் கூப்பிட்டு நன்றி வேறு சொன்னார். புது மையத்துக்கு நாலு இடம் ஓடி ஆள் சேர்க்கக்கூடிய ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தார்களாம். இவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் தெளிவு பிறந்ததாம். "உங்களை லேபுலேர்ந்து பிரிக்க எங்களுக்கு மனசே வரலை சார்."

அதே சூட்டோடு வகுப்புக்குப் போனார். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், குறைஞ்சது நாலு சீட்டாவது சங்கிலியாக் கோத்தாத்தான் புரதம் அரவைக்குப் போகும்னு சொன்னீங்க. ஒண்ணே ஒண்ணு ஒட்டினா?"

வருடா வருடம் பரீட்சையில் அவரே கேட்கும் கேள்வி. சுண்ணக்கட்டி பலகையில் பாதியில் நின்றது.

"சாகாது" என்றார், மெதுவாக. "இடம்தான் மாறும்."

"எங்க சார் போகும்?"

அப்போது வாசலுக்கு வெளியே கீ கீ என்று சத்தம். இரண்டு ஆட்கள் சகலையின் உறைபெட்டியைத் தள்ளிக்கொண்டு மின்தூக்கிப் பக்கம் போனார்கள்.

"மேல்மாடிக்கு" என்றார் வாத்தியார்.

வகுப்பே சிரித்துக் கைதட்டியது. அவருடைய இருபது வருடத்தில் விழுந்த முதல் கைதட்டல். வாயோரம் ஒரு புன்னகைகூட எட்டிப்பார்த்தது. அதற்குள், பெட்டிக்குப் பின்னால் வந்த சகலை வாசலில் தலையை நீட்டினான்.

"பிரமாதம் அண்ணா. திறப்பு விழாவுல இதை நான் சொல்லிக்கட்டுமா?"