முப்பதாயிரம் அடிக் குளிர்

1944, மே மாதம். பெங்களூர் காக்ஸ் டவுன் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்த யூனிஸ், பட்டாளத்துக்கு லென்ஸ் செய்யும் பட்டறையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒவ்வொரு கண்ணாடியிலும் வெளிச்சம் எப்படி வளையும் என்று லாகரிதம் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போடுவது அவள் வேலை. அதை வைத்துப் பட்டறையின் தலைமை வரைவாளர் வைத்தீஸ்வரன் லென்ஸையும் அது உட்காரும் பித்தளைக் குழலையும் வரைவார். பர்மா மேல் பறக்கும் விமானக் கேமராவுக்காக அவர்கள் செய்த முதல் லென்ஸ், பட்டறைக்குள் அருமையாக வேலை செய்தது. ஆகாயத்திலிருந்து வந்த படங்களோ மங்கலாக இருந்தன.

"கேமரா ஆடியிருக்கும்" என்றார் வைத்தீஸ்வரன். அதே மாதிரி இன்னும் பன்னிரண்டு லென்ஸ் சனிக்கிழமை கிளம்ப வேண்டும்.

யூனிஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டாள், தப்பு அகப்படவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்தாள். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் கழித்தல் போட்டாள். வியாழக்கிழமை காலை நேராக வைத்தீஸ்வரனிடம் போனாள்.

"சார், முப்பதாயிரம் அடி மேலே எவ்வளவு குளிரும்?"

"ரத்தம் உறைஞ்சுடும். ஏன்?"

"நான் போட்டதெல்லாம் பெங்களூர் வெயிலுக்கான கணக்கு. அங்கே பித்தளைக் குழல் சுருங்குமே. கண்ணாடி அவ்வளவு சுருங்காதே."

"டீச்சரம்மா, நாளன்னைக்கு டெலிவரி."

"தெரியும் சார். ஒரே ஒரு லென்ஸ் கொடுங்க."

ஜட்காவில் ஐஸ் பாளங்கள் வந்தன. தகரப் பெட்டிக்குள் லென்ஸை வைத்து, சுற்றிலும் ஐஸும் உப்பும் கொட்டினார்கள். ஊசித் துளை வழியாக விளக்கொளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். முதலில் அது வட்டப் புள்ளியாகத்தான் தெரிந்தது. கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்ததில், ஒரு மணி நேரத்தில் புள்ளிக்கு மூன்று மூலை முளைத்தது. குழலின் மூன்று திருகுகளும் கண்ணாடியை நெருக்கிக்கொண்டிருந்தன.

வைத்தீஸ்வரன் நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்க கணக்கு சரி. குழலை இவ்வளவு இறுக்கமா வரைஞ்சது நான்."

அவரே ராணுவ அதிகாரியிடம் போய், சரக்கு போகாது என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு, பத்து நாள் தவணையோடு திரும்பினார். கண்ணாடியைச் சுற்றித் தலைமுடி கனத்துக்கு இடைவெளி விட்டு, மெல்லிய ஸ்பிரிங் வளையத்தால் அதைப் பிடித்து நிறுத்தினார்கள். முதல் வளையம் கடகடவென்று ஆடியது. இரண்டாவது உடைந்தது. மூன்றாவது நின்றது.

ஜூலையில் அதிகாரி ஒரு படம் கொண்டுவந்தார். ஆறு, அதன் மேல் மரப்பாலம். பலகை பலகையாக எண்ணலாம் போலிருந்தது. வைத்தீஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தார். யூனிஸ் பூதக்கண்ணாடியை வைத்தாள். பாலத்தில் பதினான்கு பேர் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தலையில் கூடை.

"இந்தப் பாலம் எங்கே சார்?"

"இப்போது அந்தப் பாலமே இல்லை, குண்டு போட்டாகிவிட்டது" என்றார் அதிகாரி, சாதாரணமாக.

அன்று சாயங்காலம் அவள் வீட்டைத் தாண்டி நடந்து, சர்ச்சைத் தாண்டி நடந்து, கால் வலித்த பிறகே திரும்பினாள்.

மறுநாள் வைத்தீஸ்வரன் தயங்கிக் கேட்டார்: "வேலையை விட்டுடப் போறீங்களா?"

"தெரியல சார். இனிமே படம் வந்தா எனக்குக் காட்டாதீங்க."

அவர் காட்டவில்லை. பத்து நாள் கழித்து அவளே அவர் மேஜை முன் வந்து நின்றாள்.

"புதுசா ஒண்ணு வந்திருக்காமே. கொடுங்க."

அந்தப் படத்தில் வெறும் காடுதான் இருந்தது. இருந்தும் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பூதக்கண்ணாடியை மரத்துக்கு மரம் நகர்த்தி, ஆள் யாராவது தெரிகிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தாள்.