புள்ளி வைக்காத கடிதம்

கார் ஊர் எல்லையைத் தாண்டியதிலிருந்து அமைச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேனாவைத் திறந்தார், மூடினார். ஜன்னலை இறக்கினார், ஏற்றினார். நாளைய சட்டசபைக் கேள்விகளை நினைத்துத்தான் தவிக்கிறார் என்று முன்சீட்டு உதவியாளர் எண்ணிக்கொண்டார். அவருக்கென்ன தெரியும்?

காலையில் தங்கைக்குக் கொடுத்த கடிதத்தில் புள்ளி வைத்தோமா, இல்லையா? அதுதான் கவலை.

சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த மனுஷன் கவுன்சிலராகி, நகர்மன்றத் தலைவராகி, அமைச்சர் வரை வந்ததற்கு ஒரே காரணம், யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. வேலை, இடமாற்றம், ஆஸ்பத்திரிப் படுக்கை, எது கேட்டாலும் அங்கேயே ஒரு சிபாரிசுக் கடிதம். வந்தவர் வாயெல்லாம் பல்லாகப் போவார். கையெழுத்தின் கீழே சின்னதாய் ஒரு புள்ளி இருந்தால் அதிகாரி காரியத்தை முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கடிதம் குப்பைக்கூடைக்கு. அவருக்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமே தெரிந்த ஏற்பாடு. நூற்றில் தொண்ணூறுக்குப் புள்ளி கிடையாது. கை அப்படியே பழகிவிட்டது, பாவி கை!

தங்கை இதுவரை அவரிடம் எதுவும் கேட்டதில்லை. முதல் தேர்தலில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போஸ்டர் ஒட்டியவள். நர்ஸாக இருக்கும் மகள் கைக்குழந்தையோடு எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் தனியாக அல்லாடுகிறாள், ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றித் தாருங்கள் என்று இன்றைக்குத்தான் வாய் திறந்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் நாற்பது பேர்.

நாலாவது முறை அழைத்தபோது தங்கை போனை எடுத்தாள்.

“லெட்டர ஆபீஸ்ல குடுத்துட்டியாம்மா?”

“இல்லண்ணா. காப்பி எடுக்கலாம்னு ஜெராக்ஸ் கடைக்கு வந்தேன். கடைக்காரர் பாத்துட்டு, புள்ளி இல்லையேம்மா, பஸ் காச வீணாக்காதீங்கன்னுட்டார்.”

அமைச்சர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவனுக்கு எப்படித் தெரியும்?”

“ஊர்ல எல்லாருக்கும் தெரியுமாம். எனக்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சுது. எந்த லெட்டருக்கு வேல நடக்குது, எதுக்கு நடக்கலன்னு வருஷக்கணக்கா பாக்குறாங்கல்ல. இவர்கிட்ட காட்டிட்டுத்தான் ஆபீசுக்கே போவாங்களாம்.”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர் வாயையே திறக்கவில்லையே!

“யாரும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே?”

“மூஞ்சிக்கு நேரா கேட்டா உங்க மனசு கஷ்டப்படுமாம். நம்ம புள்ள பெரிய எடத்துக்குப் போயிருக்கு, போகட்டும்னு விட்டுடுவாங்களாம்.”

அவமானத்தில் அவருக்குக் காதுமடல் சுட்டது. “வண்டியத் திருப்புய்யா!” என்று டிரைவரிடம் கத்தினார். “அங்கயே இரும்மா. கூட்டத்துல கை தவறிப்போச்சு. சத்தியமா வேணும்னு பண்ணல. இப்பவே வந்து வச்சுத் தர்றேன்.”

“வேண்டாம்ணா.” அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். “எனக்குப் பின்னாடி அஞ்சு பேர் உங்க லெட்டரோட நின்னாங்க. உனக்கும் இல்லையாம்மான்னு கேட்டு, நகந்து எனக்கும் பெஞ்சுல எடம் குடுத்தாங்க. அவங்களோடதான் உக்காந்திருக்கேன்.”