அல்டென்ரோட சந்தைக்கு ஒரு சாக்கு

குட்ரூன் டெர்ஹார்ஸ்ட் கட்டை சாய்ப்பதில் புலி. கோஸ்ஃபெல்ட் ஊரில், சந்தைத் திடலை ஒட்டிய மதுக்கடையின் நிலவறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏழு பேர் கூடுவார்கள். நீளமான தடத்தில் பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் ஒன்பது கட்டைகளைச் சாய்க்க வேண்டும். முப்பது வருஷமாக இதுதான் அவர்களுடைய வெள்ளிக்கிழமை. குட்ரூன் பந்தைக் கையில் எடுத்தால் மற்றவர்கள் பீர் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். அப்படிப்பட்டவள் அக்டோபர் மாதத்தில் பந்தை ஓரப் பள்ளத்தில் விட ஆரம்பித்தாள்.

பந்து தடத்தை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்தால் அதற்கு ‘நாய்’ என்று பெயர். ஏன் நாய் என்று கேட்காதீர்கள், அங்கே யாருக்கும் தெரியாது. யார் எத்தனை நாய் விட்டார்கள் என்று மார்லீஸ் கரும்பலகையில் கோடு போடுவாள். வருஷம் முழுக்கக் கோடுகள் சேரும். நவம்பர் பதினொன்றாம் தேதி, மார்ட்டின் திருநாளுக்கு முந்தைய ஆட்டத்தோடு எண்ணி முடிப்பார்கள். அதிக நாய் விட்டவர் தலையில் கிறிஸ்துமஸ் சந்தைப் பயணம் விழும். எந்த ஊர், எத்தனை சந்தை, எங்கே தங்குவது, எல்லாம் அவர் பொறுப்பு. இரண்டு ராத்திரி, மூன்று பகல். அவர் சொல்வதே முடிவு, மற்றவர்கள் முணுமுணுக்கக் கூடாது. முதல் பாதி விதியை எல்லோரும் மதித்தார்கள். முணுமுணுக்கக் கூடாது என்பதை மட்டும் ஒருவரும் மதித்ததில்லை.

ஏழு பேருக்கு ஏழு நாக்கு, ஏழு முழங்கால். ஒருத்தருக்குக் கூட்டம் ஆகாது, இன்னொருத்தருக்குக் கூட்டமில்லாவிட்டால் சந்தையே இல்லை. அதனால்தான் அந்த வேலையைத் தண்டனையாக வைத்திருந்தார்கள். பதினான்கு வருஷமாக அந்தத் தண்டனை டெட்லெஃபுக்கே கிடைத்துவந்தது. வீடுகளுக்கு வெப்பக் குழாய் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி உர்சல் நாலு வருஷத்துக்கு முன் இறந்துபோனாள். அவன் பந்தை உருட்டினால் அது எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாது.

ஆகஸ்ட் கடைசியிலேயே டெட்லெஃப் பயணத் தாள்களை அடுக்கிவைக்கும் தன் நீலக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“இன்னும் ஆட்டமே முடியல, அதுக்குள்ள கோப்பா?” என்றான் குட்ரூனின் கணவன் ஃபோல்கர்.

“என்னை எவன் முந்தப் போறான்? இந்த வருஷம் டிரெஸ்டன். ஒரே ஊர்ல பதினோரு சந்தை.”

“கல்லு பாவின தெருவாச்சே. என் முட்டிய யார் தூக்கிட்டு வருவா, நீயா?” என்றாள் மார்லீஸ்.

“போன தடவை கொலோன்ல என்னைத் தொலைச்ச மாதிரி இந்தத் தடவையும் தொலைச்சிடாதே” என்றான் ஃபோல்கர். “ரெண்டு மணி நேரம் ஒரே கடை முன்னாடி நின்னேன். கால் மரத்துப்போச்சு.”

“அது சுடு ஒயின் கடைடா. நீயாத்தான் நின்ன.”

சிரிப்பு அடங்கியதும் குட்ரூன், ஏதோ அப்போதுதான் நினைவுக்கு வந்த மாதிரி, “ஹார்ஸ் மலைப் பக்கம் அல்டென்ரோடன்னு ஒரு ஊர் இருக்கே, அங்கே போனா என்ன?” என்று கேட்டாள்.

“எத்தனை கடை?” என்றான் டெட்லெஃப்.

“பதினாறு.”

“பதினாறா!” மார்லீஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். “ஒரு குவளை குடிச்சு முடிக்கறதுக்குள்ள ஊரே முடிஞ்சிடுமே.”

“பதினாறு கடைக்காக யாராவது அத்தனை தூரம் போவாங்களா குட்ரூன்?” என்று டெட்லெஃப் கோப்பை மூடிவிட்டான். அத்தோடு பேச்சு முடிந்தது.

குட்ரூனுக்கு அந்தப் பதினாறு கடையும் ஒரு பொருட்டில்லை. அந்த ஊரில் அவள் தம்பி எக்கார்ட் இருந்தான். ஊர்த் தேவாலயத்தின் ஊதுகுழல் குழுவில் டிராம்போன் வாசிப்பவன். கிறிஸ்துமஸுக்கு முன் வரும் நாலு அட்வெண்ட் ஞாயிறுகளில் மூன்றாவதற்கு முந்தைய சனிக்கிழமை நாலு மணிக்கு அந்தக் குழு சந்தையில், நகர மன்றத்தின் படிகளில் நின்று வாசிக்கும். அக்காவும் தம்பியும் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

தப்பு அவளுடையதுதான். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்து ஊர் வழக்கப்படி எல்லோரும் காப்பியும் கேக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இருபது சொந்தக்காரர்கள் முன்னால், “கேக் வெட்டற நேரத்துக்கு மட்டும் சரியா வந்துட்டான் பாரு” என்று சொல்லிவிட்டாள். எக்கார்ட் தட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போனான். அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் அவன் மாதம் இரண்டு முறை அத்தனை தூரம் வந்து போனதை நர்ஸ் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டாள். அதற்குள் அவமானம் வாயைக் கட்டிவிட்டது. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தாள். தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவாள். மன்னிப்புக் கேட்பதைவிட, அவன் எதிர்முனையில் பேசாமல் வைத்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவள் பயம்.

ஜூலையில் சித்தி மகள் ஒருத்தி சொன்னாள்: எக்கார்டும் அவன் மனைவியும் ஜனவரியில் மகளோடு இருக்க நோர்வேக்கே போகிறார்கள். அன்றிலிருந்து குட்ரூனுக்குச் சரியான தூக்கமில்லை. தற்செயலாக எதிரில் போய் நிற்க இந்த டிசம்பர்தான் கடைசி. தனியாகப் போனால் அது தற்செயல் ஆகாது. ஆட்டக் குழுவோடு போனால் ஆகும். குழு தேர்ந்தெடுத்த ஊர், நான் என்ன செய்வேன் என்று கையை விரிக்கலாம்.

ஆகவே நாய் விட்டாள். செப்டம்பர் முடிவில் டெட்லெஃபுக்கு முப்பத்தொன்று, அவளுக்கு ஆறு. மீதமிருந்தது மூன்றே ஆட்டம். முதல் வெள்ளி பதினொன்று விட்டாள், அடுத்ததில் பன்னிரண்டு.

“கண்ணைக் காட்டிட்டு வா” என்றான் ஃபோல்கர், வீட்டுக்கு நடக்கும்போது.

“நான் வேலை பார்க்கறதே கண்ணாடிக் கடையிலதான்.”

“அப்ப தோளைக் காட்டு. ஏதோ ஒண்ணைக் காட்டு. பார்க்க எனக்கு பயமா இருக்கு.”

அவன் உண்மையாகவே பயந்துதான் சொன்னான். அவளுக்கு அது உறைத்தது. ஆனாலும் சொல்லவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது டெட்லெஃப் முப்பத்தாறு, குட்ரூன் இருபத்தொன்பது. ஒன்பது மணிக்குள் அவள் நாற்பதைத் தொட்டாள். டெட்லெஃப் முப்பத்தொன்பதில் நின்றான். அப்போதுதான் அந்த விநோதம் நடந்தது. டெட்லெஃப் எழுந்து வந்து, தடத்தைப் பார்க்காமலே பந்தைப் பள்ளத்தில் விட்டான். அடுத்து குட்ரூன் விட்டாள். மறுபடி அவன். குழாய்க்காரனின் பந்து வழக்கமாகக் கோணல்மாணலாகப் போய் விழும். அன்றைக்கு ஓடைத் தண்ணீர் மாதிரி நேராகப் பள்ளத்துக்குப் போயிற்று. அவன் வாழ்நாளிலேயே குறி தப்பாத பந்துகள் அவைதான்.

மார்லீஸ் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள்.

“நிறுத்துங்க ரெண்டு பேரும். வேணும்னு விடற நாய் கணக்குல வராது. விதி எழுதினவ நான். என்ன நடக்குது இங்க?”

மேலே மதுக்கடையில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

“டெட்லெஃப், உனக்கென்ன வந்தது? பதினாலு வருஷமா இந்தத் தண்டனையத் திட்டிக்கிட்டே இருந்தியே.”

டெட்லெஃபுக்குக் காது சிவந்துவிட்டது. “திட்டுவேன். அதுக்காக விட்டுக்கொடுக்கணுமா? எனக்கு ஆட வராதுன்னு எல்லாருக்கும் தெரியும். உர்சல் இருந்தவரைக்கும் அவளோட வந்தேன். இப்ப இந்தக் கோப்பும் இல்லேன்னா, வெள்ளிக்கிழமை நான் எதுக்கு இங்க வரணும்? பீர் வீட்டுலயும் இருக்கு.”

அவன் இவ்வளவு நீளமாகத் தன்னைப் பற்றிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. மார்லீஸ் குட்ரூன் பக்கம் திரும்பினாள்.

“சரி. உனக்கு எதுக்கு?”

குட்ரூன் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். தோள் வலி என்றால்கூட ஃபோல்கர் சாட்சி சொல்லியிருப்பான். ஆனால் எதிரில் அந்த மனிதன் சிவந்த காதோடு உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் பொய் வரவில்லை. தம்பி, கேக், நர்ஸ், நோர்வே என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கொட்டி முடித்ததும், சொன்ன வார்த்தைகளை அள்ளித் திரும்ப வாயில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே” என்றான் ஃபோல்கர். அவனுக்கு வருத்தம்தான்.

“சொன்னா உடனே நம்பரைப் போட்டு போனை என் கையில கொடுத்திருப்ப.”

“கொடுத்திருப்பேன்.”

“அதான் சொல்லல.”

மார்லீஸ் பலகையைத் துடைத்தாள். டெட்லெஃப் கோப்பைத் திறந்து, டிரெஸ்டன் தாள்களை உருவி மேசைமேல் வைத்தான்.

“கோப்பு எங்கிட்டதான் இருக்கும். ஊர் உன்னோடது” என்றான். “பதினாறு கடையை வெச்சு மூணு நாள் ஓட்ட முடியாது. கோஸ்லார்ல தங்கலாம். சனிக்கிழமை மட்டும் உன் ஊர்.”

“முட்டி?” என்றாள் மார்லீஸ்.

“கோஸ்லார்லயும் கல்லு பாவின தெருதான். பொறுத்துக்கோ.”

அவள் முணுமுணுத்தாள். அது எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது.

டெட்லெஃப் சிறிய பேருந்து ஒன்றை ஏற்பாடு செய்திருந்தான். புறப்படுவதற்கு முதல் நாள் ஓட்டுநருக்குக் காய்ச்சல். ஆகவே ரயில். இரண்டு இடத்தில் மாறி, ஒரு இடத்தில் நாற்பது நிமிஷம் குளிரில் நின்று, கோஸ்லார் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் சனிக்கிழமை மதியம் சின்ன ரயிலில் அல்டென்ரோடவில் இறங்கினார்கள். பனி லேசாகப் பெய்துகொண்டிருந்தது. கடைகள் எண்ணிப் பதினாறு. வறுத்த பாதாம், பொரித்த உருளைக்கிழங்கு அடை, மரப் பொம்மை, தேன் மெழுகுவர்த்தி, அவ்வளவுதான். ஃபோல்கருக்கு இடம் பிடித்துவிட்டது, ஏனென்றால் அங்கே யாராலும் தொலைந்துபோக முடியாது.

மூன்றரைக்கே குட்ரூன் நகர மன்றத்துக்கு எதிரில் போய் நின்றுவிட்டாள். கையிலிருந்த சுடு ஒயின் ஆறி, குவளை ஓரத்தில் கிராம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. நாலடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது குழுவினர் ஒவ்வொருவராகப் படியேறினார்கள். பதினொரு பேர். டிராம்போன் மூன்று. அந்த மூன்று முகத்தில் ஒன்றுகூட எக்கார்டுடையது இல்லை.

அவர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். அவள் முதல் பாட்டு முழுக்க நின்றாள். வரிசையின் கோடியில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. இரண்டாவது பாட்டில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் வருவது தெரிந்துதான் வராமல் இருக்கிறானா என்று நினைத்தாள். ஆனால் அவனுக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தாள். டெட்லெஃப் தன் குல்லாயைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான்.

“டெட்லெஃப். என்ன பண்ணின?”

“ஏற்பாடு பண்றவன் எல்லாத்தையும் விசாரிச்சு வைக்கணும்ல? எத்தனை மணிக்கு வாசிக்கறாங்கன்னு கேக்க பாதிரியார் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் உன் தம்பி நம்பரைக் கொடுத்தார். பேசினேன். கோஸ்ஃபெல்ட்லேர்ந்து ஒரு குழு வருது, உங்க அக்காவும் வராங்கன்னு சொன்னேன்.”

“அவன் என்ன சொன்னான்?”

“ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம், சரின்னு வெச்சுட்டார்.”

குட்ரூன் பயந்ததெல்லாம் இதுதான். தன் காதில் விழாமல் வேறொருவர் காதில் நடந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். டெட்லெஃபைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஃபோல்கர் வந்து அவள் கையிலிருந்த குவளையை வாங்கிக்கொண்டான்.

பாட்டு முடிந்ததும் குழுத் தலைவி, சிவப்புக் கழுத்துத் துணி கட்டிய பெண், தாள்களைப் புரட்டினாள். ஃபோல்கர் படியேறிப் போய், “எக்கார்ட் இன்னிக்கு வரலையா?” என்று அவளிடம் கேட்டான்.

“எக்கார்டா? மூணாவது பாட்டுக்குள்ள வந்துடறேன்னார். யாரோ வராங்களாம், அழைச்சிட்டு வரணும்னு மதியமே போயிட்டார். ஊர் மதில் பக்கத்துல பஸ் நிறுத்தற இடத்துலதான் இருப்பார். இந்தக் குளிர்ல! குல்லாயாவது போட்டுட்டுப் போங்கன்னா கேட்டாத்தானே.”

“நான் பஸ்னு சொல்லியிருந்தேன்” என்றான் டெட்லெஃப் மெதுவாக. “ரயில்னு மாத்திச் சொல்ல மறந்துட்டேன்.”

குட்ரூன் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். பிறகு ஓடினாள். அறுபத்து மூன்று வயதில், ஈரக் கல் பாவிய சரிவில், மார்லீஸ் பின்னாலிருந்து “விழுந்துடப் போறே!” என்று கத்தக் கத்த ஓடினாள். மதிலைத் தாண்டினால் பரந்த வெளி. ஐந்தாறு பேருந்துகள் நின்றன. இன்னொன்று அப்போதுதான் வந்து நின்றது. அதன் கதவருகே ஒல்லியான மனிதன் ஒருவன், நரைத்த தலையில் பனி படிய, இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் இறங்கியதும் ஓட்டுநரிடம் கேட்டான்:

“இதுவாவது கோஸ்ஃபெல்ட் பஸ்ஸா?”

“இல்லீங்க, மக்டெபர்க். இறங்கறவங்க முகத்தையெல்லாம் பார்த்துக்கிட்டே நின்னீங்களே. யாரைத் தேடறீங்க?”

“எங்க அக்காவை.”

“எக்கார்ட்” என்றாள் குட்ரூன்.

அவன் திரும்பினான். அவளுக்கு மூச்சு வாங்கியது. குழு தேர்ந்தெடுத்த ஊர் என்று சொல்ல அவளுக்கு இப்போதும் வழியிருந்தது.

“உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்” என்றாள்.