எட்டு மணி வரைக்கும்

...இல்லை, இப்போதுதான் வாளி நிறைந்திருக்கும், குளிக்கப் போவதற்கு முன் மருமகன் முர்ஷித் இரண்டு தரம் தொண்டையைச் செருமுவார், வீட்டில் எல்லோருக்கும் அது ஓர் அறிவித்தல் மாதிரி, இனி அரை மணித்தியாலத்துக்குப் பாத்ரூம் பக்கம் ஒருவரும் போகக்கூடாது... மீராசா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆறு பன்னிரண்டு, பூங்காவின் கேற்றுக்குள் கால் வைத்து இரண்டு நிமிஷம், எட்டு மணிக்கு இன்னும் ஒரு மணித்தியாலமும் நாற்பத்தெட்டு நிமிஷமும் கிடக்கிறது. முப்பத்தோரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த மனிதர், அக்கரைப்பற்று பஸ் நாலு நிமிஷம் பிந்தினாலும் ட்ரைவருக்கு அவரிடம் நல்ல ஏச்சுக் கிடைக்கும், இப்போது அவருடைய அதிகாரத்தின் கீழ் ஓடுவது சொந்தக் கால்கள் இரண்டு மட்டும்தான், அதிலும் இடது முழங்கால் சொல்வழி கேட்பதில்லை. ஒரு சுற்று இருபத்திரண்டு நிமிஷம். கேற்றில் தொடங்கிச் சவுக்கு மரங்களுக்குக் கீழால் கல் பதித்த பாதை, பிறகு அடம்பன் கொடி படர்ந்த மணல், பிறகு தாழம் புதர்களுக்குள் புகுந்து தோணா என்கிற உப்புநீர் ஓடையின் கரையோடு மண் பாதை, தோணாவுக்குக் குறுக்கே ஒரு மரப் பாலம், திரும்பவும் கேற். மூன்று சுற்று நடந்துவிட்டு வாங்கில் குந்தியிருந்தால் எட்டு மணியாகிவிடும், முர்ஷித் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போயிருப்பார், மகள் நிப்லா குசினியில் தனியாக இருப்பாள், அப்போது போகலாம். இது தெரியாத சனம் என்ன சொல்கிறது, மீராசாக் காக்காவைப் பாருங்கள், அறுபத்து மூன்று வயதிலும் என்ன கட்டுப்பாடு, சீனி வருத்தம் அவருக்குக் கிட்டவும் வராது... சிரித்துவிட்டுப் போவார். கட்டுப்பாடும் மண்ணாங்கட்டியும்.

முர்ஷித் கூடாத பிள்ளை இல்லை. அதுதான் பெரிய கரைச்சல். ஒரு முறைப்பு, ஒரு கடும் சொல் என்று ஏதாவது இருந்தால் இவரும் கோபப்பட்டு நெஞ்சை ஆற்றிக்கொள்ளலாம், அந்தப் பிள்ளையோ இவர் பாத்ரூம் வாசலில் நிற்பதைக் கண்டால் தலையில் சவர்க்கார நுரையோடு வெளியே வந்து “வாப்பா, நீங்க போங்க” என்று வழி விடுகிறது, அதைவிடக் கடலில் விழலாம் போலிருக்கும். இந்த ஊர்களில் ஆம்பிளைக்கு வீடு என்று ஒன்று ஏது, பிறந்தால் உம்மாவின் வீடு, கட்டினால் பொண்டாட்டியின் வீடு, மகளைக் கட்டிக் கொடுத்தால் அதே வீடு மகளின் வீடு. நிப்லாவின் பெயருக்கு வீட்டை எழுதிய அன்று உறுதியில் சாட்சிக் கையெழுத்து வைத்தவரே அவர்தான், சந்தோஷமாகத்தான் வைத்தார், அவரும் பொண்டாட்டி ஹுஸ்னியாவும் பின்னறைக்கு மாறினார்கள், ஆறு வருஷத்தில் அது இன்னொருவரின் வீடு என்று ஒரு நாளும் தோன்றவில்லை. ஹுஸ்னியா இருந்தாள் அல்லவா, குசினி அவளுடைய ஆட்சி, இவர் போய்த் தானே தேத்தண்ணி ஊற்றுவார், சீனியைக் கொட்டிவிட்டு ஏச்சு வாங்குவார்... அவள் மௌத்தாகிப் பதினொரு மாதம். பதினொரு மாதமாக ஒருவரும் அவரை ஏசவில்லை. நிப்லா தேத்தண்ணியை முன்னறைக்குக் கொண்டுவந்து தருகிறாள், கோப்பைக்குக் கீழே சோசர் வைத்து. முதல் நாள் அந்தச் சோசரைக் கண்டபோது யாரும் வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. வந்தவர் அவர்தான்.

கச்சான் காற்று காலையிலேயே தரையிலிருந்து அடிக்கிறது, கடல் அலையில்லாமல் தட்டையாகக் கிடக்கிறது, நண்டுகள் இவருடைய காலடிச் சத்தத்துக்கு வளைக்குள் ஓடுகின்றன, ஓடாதீங்க, நான் உங்கள் வீட்டுக்கு வரவில்லை... பாதையோரத்தில் சுனாமிக்குப் பிறகு மிஞ்சிய கிணறு ஒன்று கொங்கிறீற் மூடியோடு இருக்கிறது, யாருடைய வளவு இது, மீன் கொம்பனிக்காரரின் மூத்த மகளுடையதா, இல்லை, அது இன்னும் தள்ளி. வீடில்லாத கிணறு. வீடு... மூன்று நாளாக மண்டைக்குள் இது ஒன்றுதான். நஜீம் சொன்னது வாங்கில் வைத்து, டிப்போவில் கூட வேலை செய்தவன், மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன், “மச்சான், மருதமுனையில ஒருத்தி இரிக்கா, என்ட பொண்டாட்டிட சொந்தம், சித்தி லைலா எண்டு பேரு. மாப்பிள மௌத்தாகி நாலு வருஷம். சின்ன மகளையும் போன மாசம் கட்டிக் குடுத்தாச்சு, அவளும் மாப்பிளயும் கட்டாருக்குப் போறாங்க. வீடு சும்மாதான் கிடக்கப் போகுது. ரெண்டு அறை, நல்ல தண்ணிக் கிணறு. நீ ஏன் இப்பிடிக் காலை உடைச்சிக்கிட்டு நடக்கணும்?” அவனுக்கு எப்படித் தெரிந்தது? இவர் ஒன்றுமே சொல்லவில்லையே. முகத்தில் எழுதியா ஒட்டியிருக்கிறது? ஏசிவிடத்தான் வாயெடுத்தார், ஆனால் வாயில் வந்தது வேறு, “பாத்ரூம் உள்ளுக்கா, வெளியிலயா?” நஜீம் விழுந்து விழுந்து சிரித்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில்தான் குடியிருக்கிறார். வாசல் கிழக்குப் பார்த்தது என்று தானாகவே முடிவெடுத்தார், சேட்டு மாட்ட ஓர் ஆணி, தொழுகைப் பாய் விரிக்க ஜன்னலோரம், காலையில் ஆறு மணிக்கு ஒருவருக்கும் வழி விடாமல் கால் நீட்டிப் படுத்திருக்க ஒரு கட்டில்... நஜீமின் பொண்டாட்டி முஸ்பிறா இன்றைக்கு அந்த லைலாவையும் நடக்கக் கூட்டிவருகிறாளாம், எதிர்ப் பக்கமாகச் சுற்றி வருவார்களாம், ஒரு பார்வை பார்த்துக்கொள்ளட்டாம், பார்ப்பதில் குற்றமில்லை, பார்க்கத்தானே மார்க்கமும் சொல்கிறது, நடை முடிந்ததும் நஜீமுக்கு முடிவு சொல்ல வேண்டும். அந்த மனுஷி எப்படி இருப்பாள் என்று இந்த நிமிஷம் வரைக்கும் ஒரு தரமாவது நினைத்தாயா மீராசா? இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இல்லை. நிப்லாவிடம் சொல்லவுமில்லை, சொன்னால் அழுவாள், எங்கட வீட்டில உங்களுக்கு என்ன குறை வாப்பா என்று கேட்பாள், என்ன குறை என்று சொல்வது, சோசர் என்றா? நீர்க்காகம் ஒன்று கண்டல் கிளையில் செட்டையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கிறது. மாமாவின் நினைவு ஏன் வருகிறது... ஹுஸ்னியாவின் வாப்பா, மாமி மௌத்தான பிறகு சுபஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் வருவார், அப்போது இவர் புது மாப்பிள்ளை, டிப்போவுக்குப் போகக் குளித்து, அப்பமும் முட்டையும் சாப்பிட்டு, எல்லாம் ஆறுதலாக, மாமா எவ்வளவு பெரிய இபாதத்தாளி, எந்நேரமும் தொழுகையும் ஓதலும்தான் என்று சிநேகிதர்களிடம் பெருமை பேசியிருக்கிறார். ஏழு வருஷம். யா அல்லாஹ், மாமா அங்கே ஓதிக்கொண்டா இருந்தார்? கால் அப்படியே நின்றுவிட்டது. மோட்டார் சைக்கிளில் பள்ளியைக் கடந்து போகும்போது தூணில் சாய்ந்து றோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார், இவர் ஸலாம் சொல்லிக்கொண்டு போவார், இவர் தலை மறைந்ததும் மாமா எழும்பி வீட்டுக்குப் போயிருப்பார். மன்னியுங்கள் மாமா. எனக்குத் தெரியாது, அல்லாஹ் மேல் ஆணையாகத் தெரியாது.

முதல் சுற்றில் அவர்களைக் காணவில்லை, இரண்டாவது சுற்றில் பாலத்துக்கு வந்தபோது ஆறு நாற்பத்தொன்பது, அந்தப் பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள், முஸ்பிறாவைத் தெரிந்தது, மற்றவள் சாம்பல் நிற அபாயா, கையில் மடித்த குடை. இரண்டு பக்கத்தாருக்கும் நடுவில், சரியாகப் பாலத்தின் நடுவில், ஐந்தடி நீளக் கபரக்கொய்யா ஒன்று, உடும்புக்கு மூத்த காக்கா மாதிரி, இளவெயிலில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்திருந்தது. முஸ்பிறா “அல்லோ, துரத்துங்க காக்கா!” என்று கத்தினாள், இவர் காலைத் தட்டிப் பார்த்தார், அது நாக்கை ஒரு தரம் நீட்டிவிட்டுத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டது. குடைக்காரி சொன்னாள், “விடுங்க, வெயில் காயுது. போற நேரம் போகும்.” பிறகு இவரைப் பார்த்து, பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கபரக்கொய்யாவுக்கு மேலால், “நீங்கதான் மீராசாவா?” என்றாள். ஓம் என்றார். “நஜீம் காக்கா என்ட வீட்டப் பத்தி உங்களிட்ட சொல்லியிரிப்பாரு. அந்த வீடு இல்ல. மருமகன் கட்டாருக்குப் போகல்ல, இஞ்சயே வேல கிடைச்சிரிக்கு. நான் இப்ப பின்னறையில. முதல்ல இத உங்களிட்ட சொல்லணும் எண்டுதான் வந்த. பொய்யில ஒருத்தர வரவைக்கப்படாது.” முஸ்பிறா “என்ன ராத்தா, வந்ததும் வராததுமா” என்று முழங்கையால் இடித்தாள். இவருக்கு மூன்று நாள் குடியிருந்த வீடு ஆணி, கட்டில், ஜன்னலோடு அப்படியே தோணாவுக்குள் இறங்கிவிட்டது. கவலையாகத்தான் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க வேண்டியதுதான், ஆனால் திரும்பினால் சுற்று முடியாது, நேரக் கணக்குப் பிசகும், நின்றார்.

“மூணு சுத்து நடப்பீங்களாமே, கால் நோவுறல்லியா?” என்று அவள்தான் திரும்பவும் கேட்டாள். எல்லோருக்கும் சொல்கிற பதில் ஒன்று தயாராக இருந்தது, உடம்புக்கு நல்லது, டொக்டர் சொன்னவர் என்று, ஏனோ அது வரவில்லை. “நோவும்” என்றார். “அப்ப என்னத்துக்கு நடக்கிற?” “மருமகன் வேலைக்குப் போகணும். ஒரு பாத்ரூம்தான்.” சொன்ன பிறகு காதெல்லாம் சுட்டது, பஸ் ஸ்டாண்டில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னது போலிருந்தது. அவள் சிரிக்கவில்லை. “நான் மீன் வாங்கப் போறன் எண்டு வெளிக்கிடுவன். கரைவலை இழுக்கிறதப் பார்த்துக்கிட்டு மணல்ல இருப்பன், எட்டு, எட்டரை மட்டும். வெறுங்கையோட போகேலாதே, எப்பிடியும் மீன் வாங்கணும். ஒரு மாசமா எங்கட வீட்டுல ஒவ்வொரு நாளும் மீன். பாவம் மருமகன், நேத்து மகளிட்ட கேக்காரு, உங்கட உம்மாக்கு மீனெண்டா உசிரா எண்டு. எனக்கு மீனே பிடிக்கா.” இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், அந்தச் சத்தத்துக்குக் கபரக்கொய்யா எரிச்சலோடு எழும்பித் தோணாவுக்குள் சளாரென்று விழுந்தது. எவ்வளவு நேரம் நின்றோம், ஏழு நிமிஷமா, எட்டா, பார்க்கவில்லையே, மணிக்கூட்டைப் பார்க்கவே இல்லையே... பாலத்தில் அவள் ஒரு பக்கமாக ஒதுங்கி வழி விட்டாள், இவரும் ஒதுங்கினார், யார் முதலில் போவது என்று இரண்டு பேரும் கொஞ்சம் தடுமாறினார்கள், கடைசியில் முஸ்பிறாதான் இடையில் புகுந்து போனாள். முகத்தைப் பார்த்தாரா? பார்த்தார். இடது கன்னத்தில் ஒரு மறு.

நஜீம் கேற்றடி வாங்கில் காத்திருந்தான், “மச்சான், கண்டியா?” என்று பாதியில் எழும்பினான். கண்டேன் என்றார், வீட்டுக் கதையைச் சொன்னார், நஜீமின் முகம் சுருங்கிப் போயிற்று, “அட அல்லாஹ்வே, எனக்குத் தெரியாதே. சரி விடு. நிந்தவூரில ஒருத்தி இரிக்கா மச்சான், மாடி வீடு, பாத்ரூம் ரெண்டு, மேல ஒண்டு கீழ ஒண்டு.” “வேணாம்” என்றார் மீராசா. “ஏன்டா, இவ்வளவு நல்ல வீடு...” “வேணாம் எண்டு சொல்றன்.” நஜீம் பெருமூச்சு விட்டான், “ஓம், உன்ட மனசு எனக்கு விளங்குது, ஹுஸ்னியா மச்சிட இடத்தில ஒருத்தியும் வரேலாது. நான் முஸ்பிறாட்ட சொல்லிடுறன், சரிவராது எண்டு” என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து நம்பரைத் தட்டினான். பொறுடா... நான் வேணாம் என்றது நிந்தவூரை, மாடி வீட்டை, பாலத்தில் நின்றவளை இல்லையே. இப்போதே சொல்ல வேண்டும், மணி போகிறது. சொன்னால் நஜீம் கேட்பான், சும்மா கேட்பான், வீடுமில்லை வாசலுமில்லை, பின்ன எதுக்கு மச்சான் அவளைக் கட்டப் போற? எதுக்கு? ஹுஸ்னியாவைக் கட்டியபோது ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை, நல்ல வீடு, நல்ல குடும்பம், பெரியவர்கள் பேசி முடித்தார்கள், போய்க் குடியிருந்தார், முப்பத்தாறு வருஷம் போயிற்று, அவள் இல்லாமல் சோறு இறங்காத அளவுக்கு அவளோடு ஒட்டிப்போனார், ஆனால் எதுக்கு என்று அவளிடம் வாய் திறந்து ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது சொல்லியிருக்கிறாரா? வீடு இருந்தது, அதனால் சொல்லத் தேவைப்படவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்குமா? தெரியாமலே போய்விட்டாளா? மறுபக்கத்தில் முஸ்பிறா “ஹலோ, சொல்லுங்க” என்பது கேட்டது, மீராசா நஜீமின் கையைப் பிடித்துப் போனை வாங்கினார், காதில் வைத்தார், அந்தச் சொல் எப்படித் தொடங்கும் என்று தெரியாமலே, “முஸ்பிறா, போனை அவவிட்டக் குடுங்க” என்றார்.